ஊரைவிடப் பெரிய கடைத்தொகுதி



பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைத்தெருவுக்குப் போய் வந்த களைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை, வெயில், நெரிசல், பேரம். சாரிக் கடைக்கும் சப்பாத்துக் கடைக்கும் இடையே அரை மைல் நடை. "இதெல்லாம் ஒரே கூரையின் கீழ், குளிர்ச்சியாக, உட்கார இடத்தோடு இருந்தால் எவ்வளவு நல்லது!" என்று ஒரு தடவையாவது நினைக்காத பெண் நம்மில் யார்?

அந்த நினைப்பைத்தான் அமெரிக்கர்கள் கட்டடமாக எழுப்பினார்கள். ஷொப்பிங் மோல் என்று அதற்குப் பெயர். அப்படி எழுந்தவற்றில் மிகப் பெரியது என்று ஒரு காலத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றின் கதையை இங்கே சொல்லப் போகிறோம். ஊரார் அதை நம்பி வாழ்ந்தார்கள். முப்பத்து மூன்று வருடங்களில் அது மூடப்பட்டது. பின்னர் அது இடிக்கப்பட்டது. தூர தேசத்துக் கதைதான். ஆனாலும் கேட்டு முடித்த பின், இது நம் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கும் கதை என்பது உங்களுக்கே புரியும்.

நோர்த் ரென்டல் என்னும் சிற்றூர்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரிக்கரையில் கிளீவ்லன்ட் நகரம் இருக்கிறது. இரும்பும் உருக்கும் வாகன உதிரிப் பாகங்களும் செய்து செழித்த நகரம். 1950இல் அங்கே ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். அதன் தென்கிழக்கே நோர்த் ரென்டல் என்று ஒரு சிற்றூர். குடியிருப்போர் சில நூறு குடும்பங்கள்தாம். குதிரைப் பந்தயத் திடல்களால் மட்டுமே அந்த ஊரின் பெயர் வெளியே தெரிந்திருந்தது.

இந்தச் சின்னஞ்சிறு ஊரில், பழைய பந்தயத் திடலொன்று இருந்த நிலத்தில், 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'ரென்டல் பார்க் மோல்' திறக்கப்பட்டது. இருபது இலட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பு. ஐந்து பெரிய பல்பொருள் அங்காடிகள். அவற்றை இணைக்கும் இரண்டு மாடி நடைபாதைகளில் இருநூறு கடைகள்வரை. சினிமாக் கொட்டகை, உணவுச் சாலைகள், நகரும் படிகள், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனத் தரிப்பிடம். உலகிலேயே பெரிய கடைத்தொகுதி இதுதான் என்று கட்டியவர்கள் பெருமையாக அறிவித்தார்கள். ஊரில் குடியிருந்தவர்களின் தொகையைவிட அதற்குள் வேலை பார்த்தவர்களின் தொகை பன்மடங்கு அதிகம். ஊருக்குள் கடை இருந்தது என்பதைவிட, கடைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருந்தது என்றே சொல்லலாம்.

இதைக் கட்டியவர் எட்வர்ட் டீபார்டலோ. 1909இல் யங்ஸ்டவுன் என்னும் உருக்கு நகரில், இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் மிக அதிகமான மோல்களைக் கட்டியவர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றார். நகரத்தை விட்டு மக்கள் எந்தத் திசையில் குடிபெயர்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் திசையில் முன்கூட்டியே நிலம் வாங்கிப் போடுவது அவர் கண்ட வழி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்கக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகரங்களுக்குப் போகத் தொடங்கின. அங்கே தோட்டத்துடன் கூடிய தனி வீடு கிடைத்தது. வீட்டுக்கு வீடு கார் வந்தது. 1956இல் ஜனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் அமைக்க வழி செய்தது. வீடு இருந்தது, கார் இருந்தது, பாதை இருந்தது. ஆனால் அந்தப் புதுக் குடியிருப்புகளில் ஒரு கடைத்தெரு இல்லை, சந்தி இல்லை, நாலு பேர் கூடி நின்று கதைக்க ஓர் இடமில்லை. கணவன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால், மனைவி பகல் முழுவதும் நாலு சுவருக்குள் தனிமையில் இருந்தாள்.

இந்தக் குறையைக் கண்டவர் விக்டர் குரூவன் என்ற கட்டடக் கலைஞர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லரின் படைகள் அந்நாட்டைப் பிடித்ததும் உயிர் தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தார். வியன்னாவின் சதுக்கங்களையும் கோப்பிக் கடைகளையும் மனதில் சுமந்து வந்தவருக்கு, அமெரிக்கப் புறநகரம் பாலைவனமாகத் தெரிந்தது. அதற்கு நடுவே ஒரு செயற்கை நகரச் சதுக்கத்தை அமைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணினார்.

அப்படிப் பிறந்ததுதான் மினசோட்டா மாநிலத்தின் 'சவுத்டேல்'. 1956 ஒக்டோபர் 8ஆம் திகதி திறக்கப்பட்டது. 72 கடைகள். வெளியே உறைபனிக் காலம் என்றாலும் உள்ளே ஆண்டு முழுவதும் 24 பாகை வெப்பநிலை. நடுமுற்றத்தில் மரங்கள், மீன் தடாகம், பெரிய பறவைக் கூடு. முழுவதும் மூடப்பட்ட, குளிர்சூடு சீராக்கப்பட்ட மோல்களுக்கு அதுவே முன்மாதிரி.

குரூவன் வரைந்த திட்டத்தில் கடைகள் மட்டும் இருக்கவில்லை. சுற்றிலும் வீடுகள், பாடசாலைகள், வைத்திய நிலையம், பூங்கா, ஏரி எல்லாம் அதில் இருந்தன. கடை என்பது ஊரின் ஓர் அங்கமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் பணம் போட்டவர்கள் இலாபம் தரும் கடைப் பகுதியைத்தான் பிரதானமாகக் கட்டினார்கள். மிச்சமிருந்த நிலத்தை விற்றுக் காசாக்கினார்கள். பின்னாளில் நாடெங்கும் எழுந்த மோல்களைப் பார்த்து, இவை தம் பிள்ளைகளே அல்ல என்று குரூவன் கைகழுவினார். மனமுடைந்து வியன்னாவுக்கே திரும்பிப் போனார். 1976இல் அந்த வியன்னாவின் புறத்தேயும் ஒரு பெரிய மோல் திறக்கப்பட்டது. 1980இல் அவர் காலமானார்.

அரசாங்கத்தின் வரிச் சட்டமும் ஒரு காரணம். 1954இல் வந்த மாற்றத்தின்படி, புதிதாகக் கட்டடம் கட்டுபவர் அதன் தேய்மானத்தை முதல் வருடங்களிலேயே பெரிய தொகையாகக் கணக்குக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய கடைத்தெருவைத் திருத்துவதைவிட, வெறுங்காணியில் புதிதாகக் கட்டுவது இலாபமாகிவிட்டது. ஆக, மக்களுக்குத் தேவை இருந்ததா என்று பாராமலே கட்டினார்கள். 1956 முதல் சுமார் அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 மோல்கள் எழுந்தன.

அந்த நல்ல நாட்கள்

குறை சொல்ல வந்த நாம் நிறையையும் சொல்ல வேண்டும். மோல் அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மழைக்கும் பனிக்கும் பயமின்றிப் பிள்ளைகளை நடக்க விடலாம். வாகனம் மோதும் என்ற அச்சம் இல்லை. சுத்தமான கழிப்பிடம் உண்டு. காலாற உட்கார வாங்கு உண்டு. வீட்டிலேயே இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே விற்பனையாளர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். தம் கையால் உழைத்த முதற் சம்பளத்தை அங்கேதான் வாங்கினார்கள். கடை திறக்குமுன் காலையில் வயோதிபர்கள் அந்த நீண்ட நடைபாதைகளில் உலாவுவார்கள். வைத்தியர் சொன்ன நடையும் ஆயிற்று, பேச்சுத் துணையும் ஆயிற்று. பின்னேரம் பாடசாலை விட்டதும் இளைஞர் கூட்டம். பண்டிகைக் காலத்தில் மூன்று தலைமுறையும் ஒன்றாக வரும்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அந்த இடம் பொது இடம் போலத் தோன்றியது. ஆனால் பொது இடம் அல்ல. ஒரு தனிக் கம்பனியின் சொத்து. வாங்கு போட்டதும் தடாகம் வைத்ததும் மக்கள் இளைப்பாறுவதற்காக மட்டுமல்ல. அதிக நேரம் தங்கினால் அதிகம் வாங்குவார்கள் என்பதற்காக. வெளியைப் பார்க்க ஜன்னல்கள் அரிது. நேரம் போவது தெரியாது. ஒரு சோடி காலுறை வாங்க வந்தவள், எதற்கு வந்தோம் என்பதை மறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்து நிற்கும் அந்த மயக்க நிலைக்கு, குரூவனின் பெயரையே வைத்து விட்டார்கள். பாவம், அவர் அந்தத் தந்திரத்தை வெறுத்தவர்!

கணக்கு எப்படி ஓடியது?

வீட்டுக் கணக்குப் பார்க்கும் சகோதரிகளுக்கு இது எளிதில் புரியும். மோலின் இரு அந்தங்களிலும் இருக்கும் பெரிய அங்காடிகள்தாம் சனத்தை இழுப்பவை. ஆகவே அவற்றிடம் சொந்தக்காரர் மிகக் குறைந்த வாடகையே வாங்குவார். சில இடங்களில் வாடகையே இல்லை. ஓர் அங்காடியிலிருந்து மற்றதற்கு நடக்கும் வழியில் உள்ள சிறு கடைகள்தாம் அதிக வாடகை கட்டும். மின்சாரம், குளிரூட்டல், துப்புரவு, காவல் ஆகிய பொதுச் செலவுகளையும் அந்தச் சிறு கடைகளே பங்கிட்டுச் சுமக்கும்.

சிறு கடைக்காரர் ஏன் இதற்குச் சம்மதித்தார்? பெரிய அங்காடிக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான். எனவே வாடகை ஒப்பந்தத்தில் பலர் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார்கள்: பெரிய அங்காடி மூடப்பட்டால் எங்கள் வாடகையைக் குறைக்க வேண்டும், அல்லது நாங்கள் விலகிப் போகலாம். நல்ல காலத்தில் யாரும் இந்த வரியைப் படித்துப் பார்ப்பதில்லை. கெட்ட காலம் வந்தபோது அந்த ஒரு வரியே முழுக் கட்டடத்தையும் சாய்த்தது. ஒரு பெரிய கடை போனால் பத்துச் சின்னக் கடை போகும். பத்து போனால் வெளிச்சம் குறையும்; சனம் குறையும்; அடுத்த பெரிய கடையும் போகும். சீட்டுக்கட்டு வீடு சரிவது போல.

விழத் தொடங்கியது எப்போது?

திறந்த மறு வருடமே அத்திவாரம் ஆட்டம் கண்டுவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. 1977 செப்டெம்பர் 19ஆம் திகதி, டீபார்டலோவின் சொந்த ஊரான யங்ஸ்டவுனில் ஒரு பெரிய உருக்காலை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த நாளை அங்குள்ளோர் 'கறுப்புத் திங்கள்' என்று இன்றும் சொல்வார்கள். அதைத் தொடர்ந்து அந்தப் பிரதேசம் எங்கும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கிளீவ்லன்ட் நகரில் 1970இல் ஏழரை இலட்சம் பேர் இருந்தார்கள். 2010இல் நாலு இலட்சத்துக்கும் குறைவு. நகரத்தை மட்டுமன்றிப் புறநகரங்களையும் உள்ளடக்கிய மாவட்டத்தின் சனத்தொகையும் அதே நாற்பது வருடங்களில் பதினேழு இலட்சத்திலிருந்து பதின்மூன்று இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

சனம் குறைய, கடைகளோ கூடின. 1977இல் யூக்ளிட் என்னும் இடத்தில் இன்னொரு மோல். 1978இல் பீச்வுட் என்னும் வசதியான புறநகரில் உயர்ரக மோல். பின்னர் வேறு திசைகளிலும் புதியன. ஒரே கிணற்றில் பத்து வாளிகள் இறங்கினால் என்னவாகும்? புதிதாக வந்தது பழையதன் வாடிக்கையாளரைப் பறித்தது. அதைவிடப் புதியது வந்து அதனிடமிருந்து பறித்தது. ரென்டல் பார்க் ஒரு காலத்தில் கிளீவ்லன்ட் நகரின் பழைய கடைத்தெருவுக்குச் செய்ததையே மற்றவை இப்போது அதற்குச் செய்தன.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. அயலில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறத் தொடங்கியதும், வெள்ளையர் பலர் வீடுகளை விற்றுவிட்டு மேலும் தொலைவுக்குப் போனார்கள். கடைக்கு வருவதையும் குறைத்தார்கள். "அங்கே பாதுகாப்பில்லை" என்ற பேச்சு, நடந்த குற்றங்களைவிட வேகமாகப் பரவியது. ஓர் இடத்தைப் பற்றி, அங்கு வாழும் மனிதரைப் பற்றி, காதில் விழுந்ததையெல்லாம் வாயால் பரப்புவதில் உள்ள கேடு நமக்குப் புதிதல்ல. இந்த நாட்டிலும் நம் கடைகளைப் பற்றி வதந்தி பரப்பப்பட்டு, நம் வியாபாரிகள் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். ஒரு சந்தையைச் சாகடிக்கக் குண்டு தேவையில்லை. ஒரு வதந்தி போதும்.

நாலாவது, பெரிய அங்காடிகள் ஒன்றையொன்று விழுங்கின. ஹிக்பீஸ் என்ற கிளீவ்லன்ட் நகரின் பழைய பெயர் 1992இல் மறைந்து டிலார்ட்ஸ் ஆயிற்று. மே கம்பனி 1993இல் கௌஃப்மன்ஸ் ஆயிற்று. தூரத்து நகரொன்றில் அமர்ந்திருக்கும் முதலாளிக்கு நோர்த் ரென்டல் என்பது ஊர் அல்ல, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரி நட்டம் காட்டினால் கோடு போட்டு வெட்டி விடுவார்.

டீபார்டலோ 1994இல் காலமானார். 1996இல் அவரது கம்பனி வேறொரு பெரிய கம்பனியுடன் இணைந்தது. 2000ஆம் ஆண்டை அடுத்து ரென்டல் பார்க்கின் பெரிய அங்காடிகள் ஒன்றொன்றாகக் கதவைச் சாத்தின. சிறு கடைகளில் இரும்புக் கதவுகள் இறங்கின. 2009இல் மோல் முழுவதுமாக மூடப்பட்டது. வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. அத்தனை பெரிய வாகனத் தரிப்பிடத்தில் தார் வெடித்துப் புல் முளைத்தது. 2014இன் இறுதியில் அதை இடிக்கத் தொடங்கினார்கள்.

இதில் யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள். முதலாளிகள் வேறிடத்தில் முதலிட்டார்கள். வாங்குபவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ஆனால் அந்தச் சிற்றூருக்குப் போக்கிடம் எது? மோலின் வரியும், அங்கு வேலை பார்த்தோர் கட்டிய வரியும்தான் ஊரின் பாதைக்கும் வெளிச்சத்துக்கும் காவலுக்கும் ஆதாரமாக இருந்தன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரில் இருந்தோர் ஆயிரம் பேரளவில்தான். ஆயிரம் பேர், இருபது இலட்சம் சதுர அடிப் பிணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

அந்த நிலத்தில் இன்று

பதில் வந்தது. 2018இல் அதே நிலத்தில் அமேசன் கம்பனியின் பிரமாண்டமான பொருட் களஞ்சியம் திறக்கப்பட்டது. இணையத்தில் கேட்ட பொருளை எடுத்துப் பொதி கட்டி வீட்டுக்கு அனுப்பும் இடம். இரண்டாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. ஊருக்கு வருமானம் மீண்டது. அதற்காக ஊரார் மகிழ்ந்ததில் பிழையில்லை. ஆனால் அங்கே உலாவ முடியாது, உட்கார முடியாது, வயோதிபர் நடக்க முடியாது, பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. கடை இருந்தது, மக்கள் வந்தார்கள். இப்போது பொருள் இருக்கிறது, மக்கள் வருவதில்லை.

அருகில் 1977இல் திறந்த யூக்ளிட் மோலின் கதை இன்னும் விசித்திரம். கடைகள் போன பின், இருபதுக்கும் மேற்பட்ட சின்னத் தேவாலயச் சபைகள் அந்த வெற்றுக் கடைகளை வாடகைக்கு எடுத்து வணக்கம் நடத்தின. வாங்குவதற்குக் கூடிய இடம் வணங்குவதற்குக் கூடும் இடமாயிற்று. அதுவும் 2016இல் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, 2019இல் அமேசன் களஞ்சியமாயிற்று. எக்ரன் நகரில் 1975இல் திறந்த 'ரோலிங் ஏக்கர்ஸ்' மோலுக்கும் இதே முடிவுதான்.

ரென்டல் பார்க்கில் கடைசிவரை நின்ற அங்காடிகளில் ஒன்று சியர்ஸ். இந்தக் கம்பனி, கிராமத்துக் குடும்பங்களுக்குப் பட்டியல் புத்தகம் அனுப்பி, கேட்ட பொருளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிப் பெயர் பெற்றது. ஒரு நூற்றாண்டு காலம் அப்படி நடந்தது. பிறகு, மோல் இருக்கும்போது இது எதற்கு என்று 1993இல் அந்தப் பெரிய பட்டியல் புத்தகத்தை நிறுத்திவிட்டது. மறு வருடம், 1994இல், அமேசன் தொடங்கப்பட்டது. அதே வீட்டுக்கு அனுப்பும் வேலையைக் கணினி மூலம் செய்ய. 2018இல் நோர்த் ரென்டலில் அமேசன் திறந்தது. அதே வருடம் சியர்ஸ் வங்குரோத்தை அறிவித்தது. தன்னிடம் இருந்ததன் பெறுமதியைத் தானே அறியாதவரின் கதை இது.

நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது, சகோதரிகளே. அந்த மோல்களின் கொழுக்கிகளில் தொங்கிய சட்டைகளையும் ரவிக்கைகளையும் தைத்தவர்களில் நம் நாட்டுப் பெண்களும் இருந்தார்கள். 1977இல் நம் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1992இல் கிராமப் புறங்களில் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தது. இந்த நாட்டுக்கு இவ்வளவு ஆடை என்று அமெரிக்கா ஒதுக்கிய பங்கு, 2004ஆம் ஆண்டின் முடிவுவரை நமக்குக் கைகொடுத்தது. அமெரிக்கத் தாய் ஒருத்தி மோலில் மலிவாக வாங்கிய சட்டையின் பின்னால், வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் தங்கி, இரவு வேலை செய்த நம் ஊர்க் குமர் ஒருத்தியின் தூக்கம் இருந்தது. அங்கே கடை மூடினால் இங்கே ஓடர் குறையும். சந்தை என்பது நூல் கோத்தது போன்றது. ஒரு நுனியை இழுத்தால் மறு நுனி ஆடும்.

இன்று நம் நகரங்களிலும் மோல்கள் வந்துவிட்டன. கைத்தொலைபேசியில் விரலால் தொட்டால் அபாயாவும் அடுப்பும் வாசலுக்கு வருகின்றன. இதில் ஹராம் எதுவும் இல்லை. வியாபாரம் நமக்குப் புறம்பானதும் அல்ல. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்த பெண்மணி என்பது நாமறிந்த பெருமை. ஆனால் ஒரு சந்தை நிலைப்பதற்கும் அழிவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஐந்நூறு வருடக் கூரை

அதற்கு ஓர் உதாரணம் இஸ்தான்பூலில் இருக்கிறது. 1453இல் அந்நகரை வென்ற சுல்தான் முஹம்மத் அல்பாத்திஹ், சில வருடங்களுக்குள்ளேயே அங்கு கூரையிட்ட ஒரு கடைத்தெருவைக் கட்டத் தொடங்கினார். அதன் வாடகை வருமானத்தை அயாசோபியா பள்ளிவாசலின் வக்புக்கு எழுதி வைத்தார். அதுதான் இன்றும் நிற்கும் பெரிய பஸார். அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்கள், நாலாயிரம் அளவில் கடைகள். தீப்பிடித்தது, மீண்டும் கட்டினார்கள். 1894இல் பூமி அதிர்ந்தது, மீண்டும் கட்டினார்கள். 1954இல் மீண்டும் தீ, மீண்டும் கட்டினார்கள். இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள்தாம் அதிகம் என்பது உண்மை. அதே இஸ்தான்பூலில் புது மோல்களும் எழுந்துள்ளன. ஆயினும் அது வாழ்கிறது.

அமெரிக்க மோல் முப்பத்து மூன்று வருடம். இது ஐந்நூற்று அறுபது வருடத்துக்கும் மேல். ஏன்? பஸாரைச் சுற்றிப் பள்ளிவாசல் இருந்தது, மத்ரஸா இருந்தது, ஹம்மாம் இருந்தது, வீடுகள் இருந்தன. குரூவன் காகிதத்தில் வரைந்து கட்ட முடியாமற் போனதை, அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் கட்டியிருந்தார்கள். மக்கள் நடந்தே வந்தார்கள். அதன் வருமானம் நெடுங்காலம் தூரத்து முதலாளியின் பைக்குப் போகாமல் வக்பின் மூலம் ஊருக்கே திரும்பியது. எரிந்தால் திரும்பக் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் ஊருக்கு இருந்தது, ஏனெனில் அது ஊரின் சொத்து. மோல் விழுந்தபோது அதைத் தூக்கி நிறுத்த யாருக்கும் தேவை இருக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

பெரிய பஸாரை நாம் கட்டப் போவதில்லை. ஆனால் வீட்டுச் செலவுப் பணம் பெரும்பாலும் பெண்களின் கையால்தான் செலவாகிறது. அந்தக் கைக்கு ஒரு பலம் இருக்கிறது.

உங்கள் ஒழுங்கையின் முனையில் உள்ள சின்னக் கடையை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கொப்பியில் எழுதி அரிசி தருபவர் அவர். மையித்து வீடென்றால் கேட்காமலே சீனியும் தேயிலையும் அனுப்புபவர் அவர். பிள்ளை பாதையில் அழுதுகொண்டு நின்றால் யாருடைய பிள்ளை என்று அறிந்து வீட்டில் கொண்டுவந்து விடுபவர் அவர். ஐந்து ரூபாய் மலிவு என்று எல்லாவற்றையும் தூரத்தில் வாங்கிவிட்டு, அவசரத்துக்கு மட்டும் அவரிடம் ஓடினால், ஒரு நாள் அந்தக் கதவும் இறங்கியிருக்கும்.

மோலுக்குப் போவதென்றால் போங்கள். பிள்ளைகளுக்கும் அது ஒரு சந்தோஷம். போகுமுன் வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். குரூவனின் பெயரைச் சுமக்கும் அந்த மயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. கடன் அட்டையில் வாங்கி, தவணை தவறி, வட்டியில் மாட்டிக்கொள்ளும் சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் பரக்கத் இருக்காது. தொலைபேசியில் கண்ட பொருளை அந்த இரவே வாங்காமல், மறுநாள் சுபஹுக்குப் பின் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பாதி ஆசை விடிவதற்குள் அடங்கிவிடும்.

வியாபாரம் செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர்கள், பலகாரம் செய்து விற்பவர்கள் இன்று நம் ஊர்களில் அதிகம். பெரிய கடை ஒன்றை, ஒரே ஓடரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சிறு கடைக்காரர்கள் பெரிய அங்காடியின் நிழலை நம்பியிருந்தார்கள். நிழல் போனதும் அவர்களும் போனார்கள். உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பத்து வாடிக்கையாளர்கள், பெயர் தெரியாத நூறு பேரைவிட மேல்.

நோர்த் ரென்டலில் அந்தப் பெரிய கட்டடத்தைத் திறந்த நாளில், இது இடிக்கப்படும் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அங்கே முதற் சம்பளம் வாங்கிய பெண்கள் இன்று பாட்டிமார். தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே எதுவுமில்லை. உயர்ந்த சாம்பல் நிறச் சுவரும், வரிசையாக நிற்கும் லொறிகளும்தாம்.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, பைக்குள் போடும் ஒவ்வொரு பொருளுடனும் எந்தக் கடை நம் ஊரில் நிலைக்க வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம் என்பதை நினைவில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.